தண்ணீர்மலையான் இருக்கும் ஊர்: பினாங்கில் ஐந்து நாட்கள்

காரைக்குடியில் நான் வளர்ந்த தெருவில் இரண்டு பேருக்குத் தண்ணீர்மலை என்று பெயர். ஒருவர் வயதான செட்டியார். இன்னொருவன் அவருடைய பேரன், என்னோடு படித்தவன். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். பழனி பக்கம் எங்கோ அப்படி ஒரு மலை இருக்கிறது என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடல் தாண்டி மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிறது, அங்கே தொழில் செய்யப் போன நகரத்தார் கும்பிட்ட தண்டாயுதபாணியின் பெயர் என்று கல்லூரி நாட்களில்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அது எப்போதும் தெரிந்திருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்வந்தவர் அவர். முழங்கால் வலி வந்தபின் நடைப்பயணம் நின்றுபோனது. "பழனிக்கு நடக்கத்தான் முடியல, தண்ணீர்மலையானையாவது ஒரு தடவை பாத்துரணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சென்ற தைப்பூசத்துக்கு அழைத்துப் போனேன்.

கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை சுமார் நான்கு மணி நேரம். நேராகப் பினாங்கு விமான நிலையத்திலேயே இறங்கலாம், 1985-ல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் காரிலும் போகலாம். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் போய் இறங்குங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் கரை மெல்ல மெல்லக் கிட்டே வரும், பின்னால் பச்சை மலை எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள் பல நாள் கடலுக்குப் பிறகு பார்த்த முதல் கரை இதுதானே என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தங்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நாங்கள் தவறு செய்தது அதில்தான். தைப்பூசத்துக்குப் போவதென்றால் லிட்டில் இந்தியாவிலோ அதை ஒட்டிய தெருக்களிலோ தங்குவதுதான் சரி. பூசத்துக்கு முருகன் ஊர்வலம் போகும் வெள்ளி ரதம் புறப்படுவது நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து. அது லெபு பினாங்கில், அதாவது பினாங்கு தெருவில் இருக்கிறது. சூலியா தெரு, லவ் லேன் பக்கமெல்லாம் பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அழகான வீடுகள், நடுவில் முற்றம், தரையில் பூ ஓடு. காரைக்குடிக்காரர்களுக்குச் சொந்த ஊர் வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது, மரப்படி செங்குத்தாக இருக்கும். நாங்கள் பதிவு செய்த விடுதியில் தரைத்தள அறை தருவதாகச் சொல்லிவிட்டு இரண்டாம் மாடியில் கொடுத்தார்கள். மலை ஏற வந்த அம்மாவின் முழங்கால் முதல் இரவே வீங்கிவிட்டது. மறுநாள் லிஃப்ட் உள்ள ஒரு சாதாரண ஓட்டலுக்கு மாறினோம். வயதானவர்களோடு போகிறவர்கள் அழகைப் பார்க்காமல் லிஃப்ட்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பூசத்துக்குச் சில மாதங்கள் முன்னாலேயே செய்துவிடுங்கள், அந்த நேரத்தில் சீனப் புத்தாண்டும் நெருங்கி வருவதால் அறைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

முதல் நாள் காலை லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாற வந்த பெண், "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா முகம் அப்படி மலர்ந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் 'பசியாறுவது' என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் பாட்டியோடு போய்விட்ட சொல் அங்கே தினமும் புழங்குகிறது.

சாப்பாட்டுக்குச் சைவக்காரர்கள் பயப்படவே வேண்டாம். லெபு பினாங்கிலும் அதைச் சுற்றியும் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. கூடவே மேலிருந்து கீழே ஆற்றி நுரை பொங்கத் தரும் தே தாரிக் என்கிற பால் டீ. பார்சல் வேண்டுமென்றால் 'புங்குஸ்' என்று சொல்ல வேண்டும். கவனம் தேவைப்படுவது வெளிக்கடைகளில். பினாங்கின் பெயர்பெற்ற தெருவோரச் சாப்பாட்டில் பெரும்பாலும் இறால் கலந்திருக்கும். காய்கறிக் குழம்பு, கீரை வதக்கல் என்று பார்வைக்குச் சைவமாக இருப்பதிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்ந்திருக்கும். வெறுமனே வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது, "தா மாவ் பெலாச்சான்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெலாச்சான் வேண்டாம் என்று அர்த்தம். சீனர்களின் சைவக் கடைகளும் நிறைய இருக்கின்றன. பௌத்தர்களில் பலர் அவர்களுடைய மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறார்கள். நமக்குச் சஷ்டி, கிருத்திகை மாதிரி. வெயிலுக்கு ஜாதிக்காய்ச் சாறு குடித்துப் பாருங்கள், பினாங்கில் விளைகிற ஜாதிக்காய். செண்டோலும் சைவம்தான்: சீவிய ஐஸ், தேங்காய்ப் பால், பனைவெல்லம், பச்சை நிறச் சேவை, சிவப்புப் பயறு. அம்மாவுக்குச் செண்டோலின் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

சரி, மலைக்கு வருகிறேன். பூசத்தன்று கூட்டத்தில் அம்மாவால் ஏற முடியாது என்று தெரிந்ததால் இரண்டு நாள் முன்னதாகவே தரிசனத்துக்குப் போனோம். அங்கே ஜனவரியில் ஏழேகால் மணிக்கு மேல்தான் விடிகிறது. ஆறரைக்குப் போனபோது நல்ல இருட்டு. அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினோம். மொத்தம் 513 படிகள். "பழனி 693. இது கம்மிதான்" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். எங்களைத் தாண்டிப் போன ஓர் உள்ளூர்ப் பெண்மணி திரும்பி வந்து, "பைய ஏறுங்கம்மா, அவன் எங்கயும் போயிட மாட்டான்" என்று சொல்லி அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போகும்வரை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஏறுவாராம். நடைப்பயிற்சிக்கு வந்த சீன முதியவர்களும் தாண்டிப் போனார்கள். அவர்களில் சிலர் மேலே சந்நிதியில் நின்று, நம்மைப் போலவே கண்ணை மூடிக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டதைப் பிறகு பார்த்தோம்.

மேலே இப்போதிருக்கும் பெரிய கோயில் 2012-ல் குடமுழுக்கு கண்டது. ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் அகலமான மண்டபம், நேரே பாலதண்டாயுதபாணி. ஏறி முடிக்க எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பளிச்சென்ற காலை வெளிச்சத்தில் அபிஷேகம் பார்த்தோம். பால் வழிந்து இறங்கும்போது அந்தப் பிள்ளை முகம் சிரிப்பது போலவே இருந்தது. அம்மா எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்று பிறகு சொன்னார். "வந்துட்டேன்னு மட்டும் சொன்னேன்" என்றார். வெளியே வந்தால் கீழே ஜார்ஜ் டவுன் முழுவதும், அதற்கப்பால் கடல்.

செட்டிப் பூசத்தன்று, அதாவது தைப்பூசத்துக்கு முந்தைய நாள், விடிவதற்கு முன்பே கோயில் வீட்டு வாசலில் நின்றோம். 1894-ல் வந்த வெள்ளி ரதம் அது. நம் காரைக்குடியில் செய்து கப்பலேற்றியது என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரதம் நகரத் தொடங்கியதும் தேங்காய் உடைக்க ஆரம்பித்தார்கள். அதை எப்படிச் சொல்ல? சாலை ஓரத்தில் குவியல் குவியலாகத் தேங்காய்கள், ஊதுபத்தி செருகியிருக்கும். உடைப்பவர்களில் மிகப் பலர் சீனர்கள். குடும்பம் குடும்பமாக நின்று நூற்றுக்கணக்கில் உடைக்கிறார்கள். தொழிலுக்கு, குழந்தைக்கு, உடல்நலத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள். ரதம் வருவதற்குள் சாலை வெள்ளையாகி, இளநீர் ஓடி, பின்னால் மண்வாரியோடு வரும் ஆட்கள் அள்ளிக்கொண்டே போகிறார்கள். இவ்வளவு தேங்காய் வீணாகிறதே என்று உள்ளூரிலேயே பேசுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் ஒரு சீனப் பாட்டி, தனியாக, ஒரே ஒரு தேங்காயை நெஞ்சோடு அணைத்து வெகுநேரம் நின்று, ரதம் அருகே வந்ததும் உடைத்துவிட்டு அழுததைப் பார்த்த பிறகு எதுவும் பேசத் தோன்றவில்லை.

வழி நெடுகிலும் அர்ச்சனைக்கு நிறுத்தி நிறுத்திப் போவதால் ரதம் தண்ணீர்மலைச் சாலையில் உள்ள நகரத்தார் கோயிலை அடைய இரவாகிவிடும். 1857-ல் கட்டிய கோயில் அது. 2017 முதல் தங்க ரதமும் புறப்படுகிறது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போகிறது. பூசத்தன்று சாலை முழுவதும் தண்ணீர்ப் பந்தல்கள். யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம், சாப்பாடும் மோரும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பால்குடம், காவடி, அலகு என்று போகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பதே பெரிய தரிசனம். குடை, தொப்பி, தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

மற்ற நாட்களில் ஊர் சுற்றினோம். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பழைய நகருக்குள் ஓடும் கேட் (CAT) பஸ்ஸில் கட்டணம் கிடையாது. என் கருத்தில் அவசியம் நடக்க வேண்டியது கப்பித்தான் கெலிங் மசூதிச் சாலை. ஒரே சாலையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இன்னுக்கு ஊதுபத்திப் புகை மண்டிய ஒரு கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய மசூதி. பக்கத்துக் குயின் தெருவில் 1833-ல் அமைந்த மகாமாரியம்மன். பினாங்கின் ஆகப் பழைய இந்துக் கோயில் இதுதான். சிறிய கோயில், மலைக்கோயிலை விட இங்கேதான் எனக்கு மனது அதிகம் ஒடுங்கியது. சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக, கடல் தாண்டி வந்த நம் ஊர்க்காரர்கள் கட்டியது. நாகூருக்கு வருடம் தவறாமல் போகிற அம்மா அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி புத்தர் கோயிலுக்கு 204-ஆம் எண் பஸ் போகும். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள். அதன் கோபுரம் அடியில் சீன முறையிலும் நடுவில் தாய்லாந்து முறையிலும் உச்சியில் பர்மிய முறையிலும் இருக்கிறது, 1930-ல் முடிந்தது. மேலே 30 மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலக் குவான் இன். அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போனால் பினாங்கு மலை ரயில், 1923 முதல் ஓடுவது. மலை உச்சியிலும் ஒரு முருகன் கோயில், பக்கத்திலேயே மசூதி. படியே ஏறாமல் குளிர்ந்த காற்றில் இன்னொரு முருகன் தரிசனம் கிடைத்ததில் அம்மாவுக்குப் பரம திருப்தி. லோரோங் பர்மாவில் 33 மீட்டர் நீளச் சயன புத்தரையும் எதிரே உள்ள பர்மியக் கோயிலையும் அரை மணியில் பார்த்துவிடலாம்.

கடைசி நாள் காலை அம்மா, "தண்ணீர்மலைங்கறாங்களே, தண்ணி எங்கடா?" என்று கேட்டார். ஐந்து நாளாக எனக்குத் தோன்றாத கேள்வி. முருகன் முதலில் இருந்தது அருவிக்குப் பக்கத்தில்தான். ஊருக்கும் கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்த அருவி. அதனால்தான் அந்தப் பெயர். பிறகு அருவி குடிநீர்த் துறையின் கைக்குப் போனது, கோயில் மலைக்கு மாறியது. இப்போதும் அருவிக்குப் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் அதன் ஓடை, தண்ணீர்மலைச் சாலையின் முடிவில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குள் ஓடுகிறது. 1884-ல் தொடங்கிய பூங்கா, அனுமதி இலவசம், குரங்குகள் அதிகம். பையில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாறைகளுக்கு நடுவே ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா குனிந்தார். ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். இன்னொரு கை அள்ளி, நிமிர்ந்து, என் தலையிலும் தெளித்தார்.