விடைக்குறிப்பில் இல்லாத அட்டவணை

அந்த விடைக்கு நான் ஐந்துக்கு ஒன்றுதான் போட்டேன். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையைப் பற்றிய வினா. விடைக்குறிப்பில் ‘முழுவதும் நாஜிகள்’ என்றிருந்தது. மாணவரோ பென்சிலால் கோடு போட்டு ஓர் அட்டவணை வரைந்து, ஹிட்லர், ஃப்ரிக், கோரிங் ஆகிய மூவர் மட்டுமே நாஜிக் கட்சியினர் என்றும், துணைச் சான்சலர் பாப்பனும் பொருளாதார அமைச்சர் ஹூகன்பெர்க்கும் அக்கட்சியினர் அல்லர் என்றும் எழுதியிருந்தார். அது சரியான விடை என்பது எனக்குத் தெரியும்.

முதன்மைத் தேர்வாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். “சார், கீயில இருக்கிறதுக்கு மட்டும் மார்க் போடுங்க. இன்னும் ரெண்டு கட்டு பாக்கியிருக்கு” என்றார். சிவப்பு மையில் ஒன்று என்று எழுதிச் சுழித்தேன்.

ஆளுக்கொரு அளவில் திருத்தினால் மற்ற மாணவர்களுக்கு அநீதி என்று அன்று மாலை காட்பாடிப் பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் குறிப்பையே திருத்தச் சொல்லி இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் விடவில்லை.

அந்த அமைச்சரவையைப் பாடமாக நடத்தும்போது என் நெஞ்சு உறுத்துவது கட்சியில் சேராமலே அதில் இருந்தவர்களைப் பற்றிப் பேசுகையில்தான். 1933 ஜூலை 14 சட்டம் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்றாக்கிய பின்னும் அவர்களில் பலர் பதவியில் நீடித்தார்கள். 1938 பிப்ரவரிக்குப் பின் அமைச்சரவை கூடவே இல்லை. ஆயினும் நிதியமைச்சர் க்ரோசிக் 1945 வரை தம் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1937 ஜனவரியில் கட்சியின் தங்கச் சின்னத்தை ஹிட்லர் நீட்டியபோது, அஞ்சல், போக்குவரத்து அமைச்சர் எல்ட்ஸ் ரூபெனாக் மட்டும் வாங்க மறுத்துப் பதவி விலகினார். ஒரு மதிப்பெண்ணை அவற்றோடு ஒப்பிடுவது மிகை என்பதை உணர்கிறேன். இருந்தும், குறிப்பில் உள்ளதைத்தான் செய்தேன் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

இப்போது வகுப்பில் அதே அட்டவணையை நானே கரும்பலகையில் வரைகிறேன். தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைகள், “சார், எக்ஸாம்ல எதை எழுதட்டும்?” என்று கேட்கிறார்கள். போன ஆண்டு, குறிப்பில் உள்ளதையே எழுதுங்கள் என்றேன்.