அம்மாவின் கூறைப்புடவையில் ஓர் எட்டுமுனை நட்சத்திரம்

அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டுத் தறியில், பட்டும் பருத்தியும் கலந்து, சிறு சிறு கட்டங்களோடு நெய்யப்பட்ட புடவை அது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் பட்டிழை அந்த மடிப்புக் கோட்டிலேயே முறிந்துவிடும். மடிப்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு மட்டும் புதிது போலவே இருக்கும். அம்மாவிடம் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரோ புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இதை யாரு கட்டப் போறாம்மா? நல்லா இருக்குற இடமாப் பார்த்து வெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கொண்டு பதினாறு அங்குலச் சதுரத்தில் ஒரு தலையணை உறை தைத்தேன். நடுவில் வைத்த நட்சத்திரம் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டு முதல் ஒட்டுத்துணிப் போர்வைகளில் தைக்கப்பட்டுவரும் பழைய வடிவம். அங்கே இதற்கு 'சாடூத் ஸ்டார்' என்று பெயர். ரம்பப்பல் நட்சத்திரம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சதுரத்தை நாலுக்கு நாலு என்று பதினாறு கட்டங்களாகப் பிரித்தால், நடுவில் உள்ள நான்கு கட்டங்கள் சேர்ந்து நட்சத்திரத்தின் வயிறாகவும், நான்கு மூலைகள் வெறும் பின்னணியாகவும், மிச்சமுள்ள எட்டுக் கட்டங்கள் பக்கத்துக்கு இரண்டாக எட்டு முனைகளாகவும் ஆகின்றன. புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிடும்.

நம் பக்கத்துக்குத் துணியை வெட்டி ஒட்டித் தைப்பது புதிதில்லை. தஞ்சாவூரில் தேருக்கென்று தைக்கும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று துணிகளை உருவமாக வெட்டி, ஒரு அடித்துணியின் மேல் வைத்துத் தைத்து, நீண்ட குழாயாகச் சுருட்டித் தேரில் தொங்கவிடுகிறார்கள். அதில் உருவம் துணியின் மேல் உட்காருகிறது. தைக்கும்போதே முனையைச் சற்று நகர்த்திச் சரிசெய்துகொள்ள இடம் உண்டு. ஒட்டுத்துணி நட்சத்திரத்தில் அடித்துணி என்று ஒன்றே கிடையாது. துண்டும் துண்டும் விளிம்போடு விளிம்பாக இணைந்துதான் பரப்பே உருவாகிறது. ஆகவே, தையலுக்குள் மறைந்து போகும் கால் அங்குலம்தான் வெளியே தெரியும் முனையைத் தீர்மானிக்கிறது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது இதுதான்.

பட்டில் ஒருமுறை தைத்துப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நின்றுவிடும் என்பதால், முதலில் காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்பையே அளவாகக் கொண்டு தைத்துக்கொண்டு போனேன். என் மெஷினில் ஊசிக்கும் பாதத்தின் விளிம்புக்கும் இடையே கால் அங்குலத்தைவிட அரைக்கால் (⅛) அங்குலம் கூடுதல் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டிய சதுரம் பன்னிரண்டாகச் சுருங்கியது. எட்டு முனைகளும் நுனி வெட்டுண்டு மழுங்கின. அதன் பிறகு ஸ்கேல் வைத்து ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, மெஷினின் தட்டில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசியபடியே போகுமாறு தைத்தேன்.

இனி அளவுகள். தைத்து முடித்த நட்சத்திரம் பன்னிரண்டு அங்குலம் வர, நடுச் சதுரம் 6½ அங்குலம். பின்னணித் துணியில் 3½ அங்குலச் சதுரம் நான்கும், 3½-க்கு 6½ அங்குல நீள்சதுரம் நான்கும். முனைகளுக்கு வேறொரு நிறத்தில் 3½ அங்குலச் சதுரம் எட்டும் வேண்டும். பின்னணிக்குக் காடாத் துணியையும் முனைகளுக்கு அரக்கு நிறக் கைத்தறிப் பருத்தியையும் எடுத்துக்கொண்டேன். காடாவை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பது அவசியம், அது கட்டாயம் சுருங்கும். அரக்குத் துணியை விற்ற கடையில் சாயம் போகவே போகாது என்று உறுதி சொன்னார்கள். ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தபோது வெள்ளை இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. மூன்று தடவை ஊறவைத்து அலசி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் கத்தரியைத் தொட்டேன்.

நடுச் சதுரத்துக்கு ஒரு முழு மாலைப்பொழுது செலவாயிற்று, அதற்காக நான் வருந்தவில்லை. தடித்த அட்டையில் 6½ அங்குலச் சதுரம் வெட்டி, அதற்குள் 6 அங்குலத்துக்கு ஜன்னல் போலத் திறந்துகொண்டு, அந்த அட்டையைப் புடவையின் மேல் மெல்ல நகர்த்தினேன். ஜன்னலுக்குள் தெரிவதுதான் பிறகு தலையணையில் தெரியப்போவது. கூறைக் கட்டம் ஒன்று நட்ட நடுவில் விழுந்து, இடமும் வலமும் மேலும் கீழும் கட்டங்கள் ஒத்த எண்ணிக்கையில் நிற்க வேண்டும். கட்டக் கோடு சட்டத்துக்கு இம்மியளவு சாய்ந்தாலும் நட்சத்திரமே சாய்ந்தது போலத் தோன்றும். இடம் அமைந்ததும், புடவையின் அடியில் மெல்லிய மல் துணியை வைத்து, நெட்டையாக நூலோட்டி இரண்டையும் சேர்த்துப் பிடித்த பிறகே வெட்டினேன். பழைய பட்டு அந்தத் துணை இல்லாமல் தையலைத் தாங்காது.

முனைகளை அமைக்கும் முறை எளியது. அரக்குச் சதுரத்தின் பின்புறம் மூலைக்கு மூலை கோடு போட்டு, அதை நீள்சதுரத்தின் ஒரு கோடியில் முகத்தோடு முகம் சேர வைத்து, கோட்டுக்கு ஒரு இழை வெளியே, அதாவது மூலையை ஒட்டிய பக்கமாகத் தைக்க வேண்டும். துணி மடங்கும்போது அந்த ஒரு இழையைத் தின்றுவிடும். வெளி மூலையைக் கால் அங்குலம் விட்டு நறுக்கி, முக்கோணத்தைத் திருப்பி, மறு கோடியிலும் இதையே செய்தால், இரண்டு அரக்கு முக்கோணங்களுக்கு நடுவே காடாவில் ஒரு பெரிய முக்கோணம் எழும். இதற்கு அங்கே 'ஃப்ளையிங் கீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பறக்கும் காட்டு வாத்துகளாம். அறுவடை முடிந்த தாளடி வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிச் செல்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிய முக்கோணத்தின் உச்சிக்கு மேலே கால் அங்குலம் துணி மிச்சம் நிற்கிறதா என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி நடுச் சதுரத்தைப் பார்க்க அதோடு இணைக்கும்போது இந்தத் துண்டு மேலாக இருக்குமாறு வைத்தால், இரண்டு தையல்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் புள்ளி கண்ணுக்குத் தெரியும். ஊசி அந்தப் புள்ளிக்கு ஒரு இழை வெளியே போனால் முனை முழுதாக நிற்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவது நல்லது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்பட்ட விளிம்பு இழுத்தால் நீண்டுவிடும்.

சுற்றிலும் 2½ அங்குல அகலத்தில் காடாப் பட்டி கொடுத்தேன். உள்ளே வைப்பதற்குக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தாள் எங்கள் ஊர் வெயிலுக்குச் சூடாக இருக்கும் என்று தோன்றியதால், அப்பாவின் நைந்த வேட்டியை நான்காக மடித்து வைத்து, அடியில் மல் துணி கொடுத்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நெட்டைத் தையல் போட்டு மூன்றையும் பிடித்த பின், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் கால் அங்குலம் உள்ளே தள்ளிக் கையால் நூலோட்டம் போட்டேன். நூலின் முடிச்சை ஒரு சுண்டு சுண்டி மேல்துணிக்குள் இழுத்துவிட்டால் வெளியே தெரியாது. ஆறு இரவுகள் ஆயின. தைத்த கோடு பள்ளமாகி, இடைப்பட்ட துணி மெல்ல மேடாக எழுவதைக் காணும்போது கையை எடுக்கவே மனம் வராது.

பின்பக்கத்துக்கு 16½-க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு வைத்து நாற்புறமும் தைத்தால், ஜிப்போ பொத்தானோ தேவையில்லை. உள் தலையணைக்கு நெருக்கமாக நெய்த துணியில் 17 அங்குலத்துக்குப் பை தைத்து, மூலைகளில் முதலில் திணித்து, இலவம்பஞ்சை நிரப்பினேன். நெசவு தளர்வாக இருந்தால் இலவம்பஞ்சு இழை இழையாக வெளியேறும். அதைத் துவைக்கக் கூடாது, அவ்வப்போது வெயிலில் போட்டால் போதும்.

முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், நடுவிலிருந்த கூறைக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, பழைய மடிப்பில் மடிக்காமல், ஒரு மூங்கில் கழியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். இன்னும் இரண்டு நடுச் சதுரங்களுக்கு அதில் துணி இருக்கிறது.