எலியாவுக்கும்தான் ஓடை வத்துச்சு

செட்டிநாடுன்னா வெளியூர்க்காரங்களுக்கு கானாடுகாத்தான் வீடும் நாட்டுக்கோழி குழம்பும்தான், கேமராவோட வர்றவங்க அதத் தாண்டி வர்றதில்ல. நாங்க தேவகோட்டைல இருந்து சருகணி போற ரோட்டுப் பக்கம், வானம் பாத்த பூமி, கண்மாய் பெருகுனா சோறு இல்லாட்டி திருப்பூர். வேதம் சொல்ல வந்த பாதிரியார் அருளானந்தர் 1693ல ஓரியூர்ல வெட்டுப்பட்ட மறவர் சீமை இது, எங்கள மாதிரி வேதக்காரக் (கிறிஸ்தவ) குடும்பங்க இங்க நெறைய, எல்லாம் விவசாயந்தான்.

இங்க புழுதி விதைப்பு. ஆவணி புரட்டாசில ஈரமே இல்லாத மண்ண உழுது நெல்ல வெதச்சிட்டு ஐப்பசி மழைக்கு காத்துக் கெடக்கணும். மழையே பெய்யலன்னா கூட பரவால்ல, ஒரு தூத்தல் போட்டு மொளைக்க வச்சிட்டு அப்புறம் வராமப் போவுது பாருங்க, அதுதான் கொடும, ஒரு வாரத்துல பச்சையெல்லாம் காவி கலராயிடும், மறுபடி வெதைக்க சொசைட்டில நகைய வைக்கணும். வெதைக்கு முந்தி எங்க அம்மா ஒரு ஓலைக் கொட்டான் நெல்ல கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி பூசைல மந்திரிச்சு வாங்கியாந்து மத்த வெதநெல்லோட கலப்பாங்க, கருகுன வருசத்துக்கு அடுத்த வருசமும் அதே கொட்டான்தான்.

2016ல வடகிழக்குப் பருவமழை மொத்தமா கைவிட்டுச்சு, 2017 ஜனவரில தமிழ்நாட்டு 32 மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்தப் பொங்கலுக்கு கோயில் வாசல்ல ரேஷன் பச்சரிசிதான் பொங்குனோம். அதுக்கு கொஞ்சம் முந்தி ஒரு ஜெபக் கூட்டத்துல வெளியூர் பிரசங்கியார் ஒருத்தரு (யாருன்னு வேணாம்) பைபிள்ல வர்ற ஆகாபு ராஜா பாவத்தால வானம் அடைபட்ட மாதிரி உங்க பாவத்தாலதான் மழை நின்னுச்சுன்னு மைக்க புடிச்சு கத்துறாரு. எங்கப்பா பக்கத்துல இருந்தவர்ட்ட மெதுவா, "அப்ப வட்டிக்கு விடுறவன் வீட்டு போர்ல மட்டும் தண்ணி எப்புடிய்யா வருது"ன்னாரு.

எனக்கு கோவம் என்னன்னா அந்தாளு கதைய பாதில நிறுத்திட்டாரு. அதே பஞ்சத்துல தீர்க்கதரிசி எலியா குடிச்ச ஓடையும் வத்தித்தான போச்சு, அவரு என்ன பாவம் பண்ணாரு? காக்கா கொண்டாந்து போட்ட அப்பத்த தின்னுட்டு கெடந்தவரு கடைசில ஒரு விதவை வீட்ல போயி ஒரு பிடி மாவுக்கு நிக்கிறாரு. நல்லவன் கெட்டவன் ரெண்டு பேருக்கும் மழை பெய்யும்னு இயேசுவே சொல்லிருக்காரு, அப்ப காயும்போதும் ரெண்டு பேருக்கும்தான காயும். எங்க கண்மாய்ல ஐயனார் கோயில்காரங்க வயலுக்கு ஒரு மடை எங்களுக்கு ஒரு மடை, தண்ணி ஒண்ணுதான். அந்த வருசம் அவங்க ஐயனாருக்கு பொங்க வச்சாங்க, நாங்க கண்மாய்க் கரையில ஜெபமாலை சொல்லிக்கிட்டு மாதா சுரூபத்த தூக்கிட்டுப் போனோம், அவங்க வீட்டுப் பொம்பளைங்களும் கூடவே நடந்தாங்க.

மழை அதுக்கும் வரல, ஜெபம் பண்ணா மறுநா கொட்டும்னு எங்காளுக யாரும் நெனைக்கவும் இல்ல. சீமைக்கருவேலத்த வெட்டி மூட்டம் போட்டு கரி வித்தாங்க, நூறு நாள் வேலைக்குப் போனாங்க, ஆவணி வந்ததும் மறுபடி ஏர் பூட்டுனாங்க. நம்பிக்கைன்னு நான் பாத்தது அவ்வளவுதான்.

இந்த வருசமும் வெதைக்கிறோம். டிராக்டர் வாடகையத்தான் கண்டபடி ஏத்திட்டானுங்க.