ரெக்கார்டரை அணைத்த பிறகு: நேர்காணலிலிருந்து தீம் வரை

ஆய்வுத் திட்டத்தில் "20 பேரிடம் நேர்காணல், பிறகு கருப்பொருள் பகுப்பாய்வு" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். பலர் பேசியதில் ஓடும் பொதுவான கருத்தை (தீம்) கட்டியெடுப்பதுதான் அந்தப் பகுப்பாய்வு. அந்த "பிறகு" என்ற சொல்லுக்குள்தான் மூன்று நான்கு மாதம் போகிறது. ஒரு மணி நேர ஆடியோவைத் தட்டச்சு செய்யப் பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். குழு உரையாடல் என்றால் இன்னும் கூடும், யார் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும். தலைக்கு 50 நிமிடம் என்றாலும் 20 பேருக்கு 17 மணி நேரப் பதிவு. தட்டச்சுக்கு மட்டும் சுமார் 100 மணி. காலக்கெடு போடும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நேர்காணலுக்கு எட்டுப் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குப் பெரும்பாலும் நியாயப்படுத்தல்தான் பதிலாக வரும். "கடைசியாக இப்படி நடந்தது எப்போது? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் சம்பவம் வரும். உளவியலாளர் ஃபிளானகன் 1954-லேயே இதை ஒரு முறையாக வகுத்துவிட்டார். அலுவலகங்களில் வேறொரு சிக்கல்: மனிதவளப் பிரிவு தரும் பட்டியலில் நல்லபடியாகப் பேசக்கூடியவர்களே இருப்பார்கள். அதில் பாதிப் பேரை எடுத்துக்கொண்டு, மீதியை அவர்கள் கைகாட்டுகிறவர்களிடமிருந்து பிடிப்பது நல்லது. கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறையில் உட்காரவே வேண்டாம்.

பதிவுக்கு இரண்டு கருவி. ஒன்று போனாக இருந்தால் ஃப்ளைட் மோடில் வைக்க வேண்டும், நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவை நிறுத்திவிடக்கூடும். ரெக்கார்டரை அணைத்ததும் பலர் உண்மையான விஷயத்தைப் பேசத் தொடங்குவார்கள். "இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, சம்மதித்தால் அன்றிரவே குறிப்பெழுத வேண்டும். மறுநாள் எழுதினால் அது நம் நடையாக மாறியிருக்கும்.

அடுத்தது தட்டச்சு. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது அதைவிட மோசம். ஒரு மாதிரித் துண்டு:

"புது சாஃப்ட்வேர் வந்தப்ப எங்களை யாரும் கேக்கல. மேல முடிவு பண்ணிட்டாங்க. சரி, நாம என்ன பண்ண முடியும்னு பழைய நோட்டுலயும் ஒரு பக்கம் எழுதிக்கிட்டுதான் இருந்தோம்."

"எங்களை" என்று தொடங்கியவர் "நாம" என்று மாறுகிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் நேர்காண்பவரை வெளியே நிறுத்திப் பேசியவர், அடுத்து "நாம என்ன பண்ண முடியும்னு" என்கிறார். தங்களுக்குள் பேசிக்கொண்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறாரா, அல்லது எதிரில் இருப்பவரையும் துணைக்கு இழுக்கிறாரா? முந்தையது என்றால், நோட்டு எழுதியது தனி ஆள் பழக்கம் அல்ல, குழுவாக எடுத்த முடிவு. "யாரிடம் அப்படிச் சொன்னீர்கள்?" என்று அங்கேயே ஒரு கேள்வி போட்டிருக்க வேண்டும். "முடிவு பண்ணிட்டாங்க" என்பதில் யார் என்று இல்லை. அதை "மேலாளர் முடிவு செய்தார்" என்று திருத்தினால், சொல்லாத ஒன்றைச் சேர்த்ததாகிவிடும்.

இனி கோடிங். கோடு என்பது ஒரு துண்டுப் பேச்சுக்கு ஓரத்தில் நாம் ஒட்டும் சிறு பெயர். மேலே உள்ள துண்டுக்குப் புதியவர்கள் "தகவல் தொடர்பு", "தொழில்நுட்ப மாற்றம்" என்று போடுவார்கள். இவை நூலகத்தில் அலமாரிக்கு ஒட்டும் பெயர்கள், எந்த ஆய்வுக்கும் பொருந்தும். "கேட்காமலே முடிவானது", "முடிவெடுத்தவர் பெயரில்லாமல் இருப்பது", "கணினியோடு நோட்டும் ஓடுவது" என்று போட்டால், மூன்று மாதம் கழித்துப் பட்டியலை மட்டும் பார்த்தாலும் ஆள் பேசியது ஞாபகம் வரும். பெயருக்குள் ஒரு வினை இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் மூன்று டிரான்ஸ்கிரிப்டை (தட்டச்சு செய்த நேர்காணலை) வரிவரியாகச் செய்தால் நூறு கோடுக்கு மேல் போகலாம். பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஒன்றோடொன்று சேர்த்து முப்பது நாற்பதுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர், விளக்கம், எது சேரும், எது சேராது, ஒரு மாதிரி மேற்கோள் என்று கோடுபுக் (கோடுகளின் விளக்கப் பட்டியல்) எழுத வேண்டும். "எது சேராது" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பத்தாவது டிரான்ஸ்கிரிப்டில் கோடின் பொருள் நழுவியிருக்கும், நமக்கே தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) இந்தப் பாதையைத்தான் கேட்பார்கள்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக: என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ எதுவும் நமக்காக யோசிக்காது. இலவசமான டாகெட் போதும், எக்செல்கூடப் போதும். ஆனால் தட்டச்சு யூனிகோடில் இருக்க வேண்டும். வெளியில் கொடுத்து, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வாங்கிவிட்டால், மாற்றாமல் தேடவே முடியாது. சொல் எண்ணிக்கை வசதியையும் தமிழில் நம்ப வேண்டாம்: மேலாளர், மேலாளரிடம், மேலாளருக்கு மூன்றையும் வேறு வேறு சொல்லாக அது எண்ணிவிடும்.

தீமுக்கு வரும்போது ஒரு சோதனை. "பணிச்சூழல்" என்பது தலைப்பு. "புதிய முறையை ஏற்றதாகக் காட்டிக்கொண்டே பழையதைக் காப்பாற்றுகிறார்கள்" என்பது தீம். முழு வாக்கியமாக எழுத முடியாதது இன்னும் தீம் ஆகவில்லை. "தீம்கள் தரவிலிருந்து வெளிப்பட்டன" என்று எழுதுவதையும் விடலாம். அவை தானாக முளைக்கவில்லை, நாம்தான் கட்டினோம். 2006-இல் ஒரு கட்டுரையில் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு ஆறு கட்டங்களை வகுத்த உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும் அதே கட்டுரையில் இந்தச் சொல்லாட்சியைக் குறை சொல்கிறார்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த வரியிலேயே "வெளிப்பட்டன" என்று எழுதுகிற ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை.

எத்தனை பேர் போதும் என்ற கேள்விக்கு "12" என்ற எண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 60 நேர்காணல்களில் முதல் 12-க்குள்ளேயே புதிய கோடுகள் பெரும்பாலும் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விகள் என்ற நிபந்தனையோடு வந்த எண் அது. தொழிலாளி, மேற்பார்வையாளர், இயக்குநர் மூன்று தரப்பிலும் நான்கு நான்கு பேரைப் பேசவைத்துவிட்டு அதைச் சொன்னால் பொருந்தாது. ஒவ்வொரு நேர்காணலிலும் எத்தனை புதிய கோடு வந்தது என்று ஓர் அட்டவணை வைத்திருந்தால் மட்டும் "புதிதாக எதுவும் வரவில்லை" என்று எழுதுங்கள். நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகே கோடிங் தொடங்கியவர் அதை எழுத முடியாது.

எழுதும் கட்டத்தில் மேற்கோள்களை எண்ணிப் பாருங்கள். 20 பேரைச் சந்தித்திருப்போம், பக்கத்தில் நிற்பது நன்றாகப் பேசும் நான்கு பேராக இருக்கும். தீமுக்கு ஒத்துவராத ஆளைத் தேடிப் பிடித்து அவர் பேச்சையும் வைக்க வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் மறைந்துவிடாது: சின்னப் பிரிவில் "14 ஆண்டு அனுபவமுள்ள பெண் துணை மேலாளர்" என்றால் அலுவலகத்துக்கே யார் என்று தெரியும். ஆண்டை "பத்துக்கு மேல்" ஆக்கி, பதவிப் பெயருக்குப் பதில் "நடுநிலை நிர்வாகம்" என்பதுபோல் படிநிலையை மட்டும் சொல்லலாம்.

ஒப்புதல் படிவத்தில் ஆடியோ எப்போது அழிக்கப்படும் என்று ஒரு தேதி கொடுத்திருப்போம். அந்தத் தேதியில் கணினியில் மட்டும் அழித்தால் போதாது. போன், கிளவுட், தட்டச்சு செய்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி, அவருடைய கேலரி எல்லாவற்றிலும் அது இருக்கும்.