என் சிறுநீரகத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யார் கொடுப்பது என்ற பேச்சே எழவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அதனால் முடியாது. தம்பி மனைவிக்கு பி வகை இரத்தம், தம்பிக்கு ஓ. அண்ணனுக்கும் எனக்கும் ஓ வகைதான். ஆனால் அண்ணன் "சம்பாதிக்கிறவன், குடும்பத்தைத் தாங்குகிறவன்" என்று பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதும் நானும் சம்பாதிக்கிறவள்தான். அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தம்பிக்குக் கொடுக்க எனக்கு மனம் நிறைந்த விருப்பம் இருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் முடிந்து வெளிறிய முகத்தோடு அவன் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. ஆனால் நான் கொடுக்க விரும்புவது வேறு, நான்தான் கொடுப்பேன் என்று வீடு தீர்மானித்துக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தை முதலில் மதித்தவர்கள் என் சொந்தக்காரர்கள் அல்ல, சட்டமும் சில மருத்துவர்களும்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைகள் தொடங்கின. இரத்த வகை பொருந்தினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முதல் படி மட்டுமே. அடுத்து திசுப் பொருத்தம். அதற்கும் அடுத்தது கிராஸ்மேட்ச்: என் வெள்ளணுக்களைத் தம்பியின் இரத்தச் சீரத்தோடு கலந்து, அவன் உடலில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் அவற்றைத் தாக்குகின்றனவா என்று பார்ப்பார்கள். நெகட்டிவ் என்று வந்தால்தான் மேலே போக முடியும். பிறகு 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் டிடிபிஏ ஸ்கேன், இரத்தக் குழாய்களின் அமைப்பைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எல்லாம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தின் சிரை நீளமானது, பொருத்துவதற்கு வசதி என்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்களாம். எனக்கும் இடதுதான்.

சிறுநீரகவியல் மருத்துவர் என்னை மட்டும் தனியாக அழைத்துப் பேசியதை மறக்க முடியாது. தம்பியையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இந்த அறுவைச் சிகிச்சையால் உங்கள் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. நோயே இல்லாத ஒருவரின் மேல் கத்தி வைக்கிறோம். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்" என்றார். 1954இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் முர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தியபோதே எழுந்த கேள்வி இது. தீங்கு செய்யாதே என்பது மருத்துவத்தின் அடிப்படை. நலமாக இருப்பவரை அறுப்பது தீங்கில்லையா? அவர் முழு மனத்தோடு, விவரம் தெரிந்து சம்மதித்தால் செய்யலாம் என்ற நிலைக்கு மருத்துவ உலகம் வந்து சேர்ந்தது. அப்படியானால் அந்தச் சம்மதம் உண்மையானதா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால், அறுவை அரங்குக்குள் போகும் நிமிடம் வரை என்னிடம் சொல்லலாம். 'இவர் கொடுப்பதற்கு ஏற்றவர் அல்ல' என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வோம். காரணம் சொல்ல மாட்டோம்."

மருத்துவர் இப்படி உண்மையை மறைக்கலாமா என்று ஒரு விவாதம் உண்டு. உறுப்பைப் பெறுபவரும் அவருடைய நோயாளிதானே, அவரிடம் நேர்மையாக இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வெளியேற ஒரு வழி திறந்திருந்ததால்தான் நான் சொன்ன "சரி" என்னுடையதானது. மாட்டேன் என்று சொன்னால் ஆயுள் முழுக்கத் தம்பியைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு வாழ வேண்டும் என்ற நிலையில், எந்தப் பெண் வாய் திறப்பாள்?

ஆவண வேலை பரிசோதனைகளை விட இழுத்தது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர். வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்றிருந்த பட்டியலில் 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளைகளையும் சேர்த்தது. ஆனால் அக்கா தம்பி என்று வாயால் சொன்னால் போதாது. அப்பா பெயர் என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரியும் தம்பியுடையதில் வேறு மாதிரியும் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், நோட்டரி என்று அலைந்தேன். கடைசியில் காப்பாற்றியது அம்மா பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்த பழைய குடும்ப அட்டை. ஓரம் கிழிந்த அந்த அட்டையில் அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி என ஐந்து பெயர்களும் வரிசையாக இருந்தன.

இத்தனை கெடுபிடி ஏன் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் பள்ளிபாளையத்தைத்தான் சொல்வேன். எங்கள் ஊருக்குக் காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலை பேசியது 2025இல் செய்தியானது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போலி உறவுச் சான்றிதழ் ஒன்று தப்பித்தால் அதன் மறுபக்கம் ஒரு ஏழையின் வயிறு கிழிபடுகிறது. அந்த வரிசையில் காத்து நின்றதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமும் கோபமும் வேறொரு தாளில். மருத்துவமனை கொடுத்த பட்டியலில் "கணவரின் சம்மதக் கடிதம்" என்று ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் தயங்கினார். அவருடைய பயம் நியாயமானது. இரண்டு குழந்தைகள், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அத்தையோ, "எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பிறந்த வீட்டுக்கு எடுத்துக் கொடுப்பாளா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் பேசினார். என் வயிற்றுக்குள் இருப்பது பிறந்த வீட்டுச் சீரா, புகுந்த வீட்டுச் சொத்தா என்று இரண்டு குடும்பங்களும் பிரித்துக்கொள்வது போல இருந்தது எனக்கு.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "நடைமுறை அம்மா, பிறகு பிரச்சினை வரக்கூடாது அல்லவா" என்றார். தந்தைக்குச் சிறுநீரகம் கொடுக்க விரும்பிய ஒரு மகளின் வழக்கில், கணவரின் சம்மதத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் சொன்ன செய்தியைக் காட்டினேன். "அது டெல்லி" என்று கோப்பை மூடினார்.

கணவரிடம் பேச வேண்டும், அவர் பயத்தைக் கேட்க வேண்டும், மருத்துவரிடமே அவரை அழைத்துப் போய் விளக்க வேண்டும். இதையெல்லாம் நான் செய்தேன். மருத்துவர் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார், தெளிந்தார், கையெழுத்தும் போட்டார். நல்ல மனிதர். அவர் போடாமல் இருந்திருந்தால் என் தம்பியின் கதி என்ன? கணவனோடு பேச்சு வார்த்தை இல்லாத பெண்ணின் தம்பிக்கு?

உண்மையில் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் பெண்ணுக்காக வேறொன்றைச் சொல்கின்றன. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவருடைய அடையாளத்தையும் சுதந்திரமான சம்மதத்தையும், உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். பெண்ணை யாரும் நெருக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட பாதுகாப்பு அது. அதையே கணவரின் அனுமதி என்று மாற்றிப் போட்டுக்கொள்வது அந்த விதியைத் தலைகீழாக்குவது.

உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழுவின் நேர்காணல் வீடியோவில் பதிவானது. முதலில் தம்பியையும் என்னையும் சேர்த்து, பிறகு தனித்தனியாக. பணம் ஏதும் பேசப்பட்டதா? ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது என்றால் என்ன தெரியுமா? நாளை உங்கள் பிள்ளைக்கு இதே நிலை வந்தால்? கடைசிக் கேள்விக்கு எனக்குக் குரல் அடைத்தது. "அன்றைக்கு வேறு யாராவது கொடுக்கட்டும். இன்றைக்கு என் தம்பிக்குத் தேவை, நான் கொடுக்கிறேன்" என்றேன். குழுவில் இருந்த பெண் மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சை, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது. அடிவயிற்றில் சிறிய தழும்பு, முதல் வாரம் இருமினால் உயிர் போகும் வலி, பிறகு படிப்படியாகச் சரியானது. ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுகிறான். அவற்றை நிறுத்தவே முடியாது.

என் எண்ணை யாரோ கொடுத்து, கொடுக்கப்போகிற பெண்கள் சிலர் அழைக்கிறார்கள். மருத்துவரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள், அந்த அறைக்குள் யாரையும் கூட்டிப் போகாதீர்கள் என்று முதலில் சொல்கிறேன். கணவரின் கடிதத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி, விதியையும் தீர்ப்பையும் இணைத்து அந்த மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லையென்றால் அடுத்த கடிதம் சுகாதாரத் துறைச் செயலாளருக்கு.