பின்னங்கால் தரையில் நிற்க வேண்டும்

சாமி அலமாரியைப் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், நிறுத்திவிட்டுத் திரும்பினால், வீட்டு ஆச்சி ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு முன்னால துருத்திக்கிட்டு நிக்கும்னு எனக்குத் தெரியாம போச்சே தம்பி" என்றார்கள்.

பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில், இரண்டடி ஆழம் என்று எழுதித்தான் இருந்தேன். ஆனால் அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னது எலிவேஷனை. முன்பக்கத் தோற்றத்தில் ஆழம் எங்கே தெரியும்? கல்லிடைக்குறிச்சியின் அந்தப் பழைய வீட்டில் பட்டாசல் குறுகல். அலமாரியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒன்றேகால் அடியாக வெட்டிக் கொடுத்தோம். நல்ல தேக்கு. வெட்டி எடுத்த துண்டுகள் பட்டறை மூலையில் ரொம்ப நாள் கிடந்தன. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மரவேலைப் பட்டறையில் நான் வரைவாளராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவன். பிளான், எலிவேஷன், குறுக்கே வெட்டிக் காட்டுகிற செக்‌ஷன் எல்லாம் கைக்கு வரும். மூன்று பக்கத்தையும் ஒரே படத்தில் காட்டுகிற ஐசோமெட்ரிக்கும் போடுவேன். அதில் 30 டிகிரியில் சாயும் கோடுகள் கடைசிவரை இணையாகவே போகும். ஆசாரி அதிலிருந்து அளவு எடுத்துக்கொள்வார். ஆனால் நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துக்கொண்டே போகும், இணைகோடுகள் மறைபுள்ளி என்கிற ஒரு புள்ளியை நோக்கி நெருங்கும். வீட்டுக்காரருக்குப் புரிவது அந்தப் படம்தான். அதைத்தான் பெர்ஸ்பெக்டிவ் என்கிறார்கள். இல்லாத அலமாரியை, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் கண் முன்னால் அப்படி வரைந்து காட்ட வேண்டும். அது எனக்கு வரவில்லை.

முதல் சில மாதம் கேட்லாக் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். படம் அழகாக வந்தது. ஆனால் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, "அடுக்களைப் பக்கம் இருந்து பாத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் பென்சில் நின்றுவிடும். பார்த்து வரையும்போது கண் வேலை செய்கிறது, கை பின்னால் போகிறது. அந்தப் பொருளின் மறுபக்கத்தைப் பற்றி மனசு ஒன்றுமே கேட்டுக்கொள்வதில்லை.

அப்புறம் வரிசையை மாற்றினேன். முதலில் வரைவது, பிறகு பார்ப்பது. பட்டறையில் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வேன். கொட்டாப்புளி, இழைப்புளி, பெஞ்சு, எதுவானாலும் சரி. அதைப் பார்க்காமல், ஒரு பக்கமாகத் திருப்பி வைத்ததாக நினைத்துக்கொண்டு நோட்டில் வரைவேன். பிறகு பொருளை அதே கோணத்தில் வைத்து, தப்பை எல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். தினமும் ஷட்டர் திறப்பதற்கு முன்னால் இருபது நிமிஷம். என்னைப் பொறுத்தவரை கற்றதெல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டில்தான்.

ஒரு நாள் நாலு கால் ஸ்டூல் ஒன்றை வரைந்திருந்தேன். பெரிய ஆசாரி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பின்னங்கால் அந்தரத்துல நிக்கே, ஆடுமே" என்றார். அவருக்கு மறைபுள்ளி என்ற பேச்செல்லாம் தெரியாது. ஆனால் ஆடும் ஸ்டூலைப் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் கால்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறக்கியிருந்தேன். நாலு காலும் தரையில் தொடும் இடங்களைச் சேர்த்தால் ஒரு சதுரம் வர வேண்டும். பெர்ஸ்பெக்டிவில் அது ஒடுங்கிப்போன சதுரம். அன்றிலிருந்து எதை வரைந்தாலும் தரைச்சதுரத்தை முதலில் போடுகிறேன். அதன்மேல் ஒரு பெட்டி எழும்பும். கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புகளையும் லேசாகப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்குள் இருந்து ஸ்டூலை எடுப்பேன். கட்டையிலிருந்து பொருளை எடுப்பதுதானே எங்கள் தொழில்.

பெட்டி சரியாக நின்றாலும் இன்னொரு கோளாறு இருந்தது. முன் மூலை பார்ப்பவர் மூக்கில் இடிப்பதுபோல் பிதுங்கிக்கொண்டு வரும். இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள்ளேயே, மிகவும் பக்கத்தில் வைத்ததுதான் காரணம். நீளமான ஒரு பிளைவுட் துண்டின் நடுவில் தாளை ஒட்டி, தாளுக்கு வெளியே இரு பக்கமும் தள்ளி ஆணி அடித்து, நூல் கட்டி வரைந்தேன். அலமாரி உடனே அமைதியாக நின்றது. நாலைந்து மாதம் கழித்து நூல் தேவைப்படவில்லை. கோடு எங்கே போய்ச் சேரும் என்று கைக்கே தெரிந்துவிட்டது.

வட்டம்தான் என்னை அதிகம் படுத்தியது. கடைசல் கால் வைத்த மேசை கேட்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்தக் காலில் வளையம் வளையமாக வருமே, அது எனக்கு எல்லாம் ஒரே மாதிரி வந்தது. அம்பாசமுத்திரத்தில் கடைந்து செய்கிற மரச்சொப்புச் செட் ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். குட்டிப் பானையின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாகப் போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால், அடிதான் வாயைவிட வட்டமாகத் தெரிய வேண்டும். கண்மட்டத்துக்கு அருகில் வர வர வட்டம் ஒடுங்கும், விலக விலக விரியும். சரியாகக் கண்மட்டத்தில் அது வெறும் கோடு. ஒரு சொப்பைக் கையில் எடுத்து மெதுவாகக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள், வாய் மூடிக்கொண்டே வருவது தெரியும். நான் அதை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கில்லை.

கண்மட்டம் என்றால் என்னவென்று எனக்கு உறைத்த இடம் நெல்லையப்பர் கோயில். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபம், 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. அங்கே நின்று பார்த்தேன். என் உயரமுள்ளவர்கள் எவ்வளவு தூரத்தில் நடந்து போனாலும் அவர்கள் கண் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தது. கால் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனது. தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கோடு அவர்கள் இடுப்பருகே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து தூண்வரிசையை வரைந்தேன். மூன்றாவது தூணை எங்கே வைப்பது என்பதற்கு வழி இருக்கிறது: முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடம் மூன்றாவது தூணின் அடி. ஆனால் முதலில் உத்தேசமாக வைத்துவிட்டு, பிறகுதான் இழுத்துப் பார்ப்பேன்.

இப்போது பட்டறையில் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுத் தருகிற பையன் இருக்கிறான். நன்றாகவே செய்கிறான். ஆனாலும் முதல் பேச்சுக்கு நான்தான் நோட்டோடு போகிறேன்.

போன வருடம் சேரன்மகாதேவியில் ஒரு வீடு. முட்டுவலியால் ஆச்சி நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. அவர்கள் அறைக்குத் திறந்த தட்டுகளோடு ஓர் அலமாரி. நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த கண்மட்டத்தையே கோடாகப் போட்டு வரைந்தேன். தட்டு, பக்கப்பலகை, சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் வரும் என்பது எல்லாம் வந்துவிட்டது. ஆச்சி நோட்டை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேல்தட்டின் மேல் விரலை வைத்தார்கள்.

"இதோட அடிப்பக்கம் தெரியுதே. அப்ப என் தலைக்கு மேலல்லா இருக்கு? எனக்கு எட்டாதுய்யா."

அந்தத் தட்டை ஓரடி இறக்கினோம்.