பேச்சிப்பாறை... (ஒரு மூச்சு)... நாப்பத்திரண்டு அடி

நாகர்கோவில் வானொலில எனக்கு வேலை கத்துக்குடுத்த அறிவிப்பாளர் சார் போன வாரம் போயிட்டார். வாட்ஸ்அப் குரூப் பூரா அஞ்சலிதான், எல்லாரும் அவரோட நேயர் விருப்பம் பத்தியும் அந்த சிரிப்பைப் பத்தியும் எழுதித் தள்ளிட்டாங்க, எல்லாம் வாஸ்தவம்தான், ஆனா எனக்கு அவர்னாலே முதல்ல ஞாபகம் வர்றது அணை நீர்மட்டம். சிரிக்காதீங்க. (பேர் போடல, வீட்ல கேக்காம போட வேண்டாம்னு தோணுச்சு.)

நாகர்கோவில் வானொலி 1984 அக்டோபர் 30ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே முதல் லோக்கல் ரேடியோ ஸ்டேஷன் அதுதான்னு எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னைக்கும் ஒரு கெத்து உண்டு. அதுக்கு முன்னாடி எங்க வீட்ல திருநெல்வேலி கேப்போம், முள்ளை கொஞ்சம் திருப்பினா திருவனந்தபுரம் மலையாளத்துல பேசும். நம்ம வடசேரி சந்தையையும் நம்ம குளத்தையும் பத்தி ரேடியோவுல ஒருத்தர் பேசுறது அப்போ பெரிய அதிசயம்.

1996ல நான் கேஷுவல் அறிவிப்பாளரா போய்ச் சேர்ந்தேன், மாசத்துக்கு ஆறு நாள் டியூட்டி. சார் முதல்ல மைக் பக்கமே விடல, ஸ்பூல் டேப்ல மஞ்ச பென்சில்ல குறி வச்சு பிளேடால வெட்டி ஒட்டுறதுதான் வேலை. ஒரு பேட்டியில பேசினவர் மூச்சு வாங்குற சத்தத்தையெல்லாம் நான் ரொம்ப சுத்தமா வெட்டிட்டேன், சபாஷ் சொல்வார்னு பாத்தா, "மூச்சே விடாம பேசுவதுக்கு அது என்ன பேயாடே? எடுத்து ஒட்டு"ன்னார். குப்பைக்கூடைல இருந்து துண்டு துண்டா பொறுக்கி ஒட்டினேன், எந்தத் துண்டு எங்க போகணும்னு எனக்கே தெரியல.

அப்புறம்தான் மைக். பாட்டு நிகழ்ச்சி தருவார்னு நெனச்சா அணை நீர்மட்டமும் சந்தை விலையும் எழுதின பேப்பரை நீட்டினார். எனக்கு ரொம்ப வருத்தம். கடகடன்னு படிச்சிட்டு எந்திரிக்கலாம்னு ஒருநாள் வரி மாறி, பெருஞ்சாணி கணக்கை பேச்சிப்பாறைக்கு சொல்லிட்டேன். பேச்சிப்பாறை 71 அடி! வெளியூர் ஆளுங்களுக்கு சொல்றேன், பெருஞ்சாணி 77 அடி வரைக்கும் கொள்ளும், பேச்சிப்பாறை நெறஞ்சாலே 48 தான். ஐப்பசி மழை வேற. ரெண்டு நிமிஷத்துல போன் அடிக்க ஆரம்பிச்சது பாருங்க, நிக்கவே இல்ல.

சார் கத்தல. "23 அடி கூட்டிக் கட்டிட்டியே மக்ளே, மூலம் திருநாள் மகாராஜா கட்டின அணைய நீ ஒரு மூச்சுல ஒசத்திட்ட"ன்னார். அடுத்த பாட்டு முடிஞ்சதும் என்னையே திருத்திப் படிக்க வச்சார், அது மட்டும் இல்ல, வர்ற போனையெல்லாம் நீயே எடுன்னுட்டார். தோவாளைப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், திட்டக்கூட இல்ல, "கும்பப்பூ நெல்லு நட்டுட்டு உக்காந்திருக்கோம் தம்பி, பைய படிங்க"ன்னு மட்டும் சொல்லி வச்சிட்டார். திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டர்ல ஏத்தி, கால்வாய்த் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைவரம்பு வயக்காட்டுப் பக்கம் ஒரு டீக்கடைக்கு கூட்டிட்டுப் போனார். ரேடியோ ஓடிட்டிருக்கு, ஆளாளுக்குப் பேசிட்டு இருக்காங்க, பாட்டை யாரும் கேக்கல. "பேச்சிப்பாறை"ன்னு குரல் வந்ததும் கடைல ஒரு சத்தம் இல்ல, டீ ஆத்துறவர் கை அப்படியே நிக்குது. வெளிய வரப்புல நின்ன ஒருத்தர் ஓடி வந்து எட்டிப் பாக்குறதுக்குள்ள நம்பர் போயிடுச்சு, பக்கத்துல இருந்தவர்ட்ட "எவ்ளோ, எவ்ளோ"ன்னு கேட்டுட்டு நிக்கிறார். சார் என்னைப் பாத்து, "பேரைச் சொல்லிட்டு அவன் வாசலுக்கு வர்ற வரைக்கும் பொறு, பொறவு நம்பரச் சொல்லு, கேட்டியா"ன்னார். அவர் படிக்கும்போது ஏன் அங்க ஒரு சின்ன இடைவெளி விழும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. நான் அதை ஸ்டைல்னு நெனச்சிருந்தேன்!

கோவக்காரர்தான், மறைக்க வேண்டாம். நான் பிற்பாடு தனியார் எஃப்எம் ஒண்ணுக்குப் போனதும் ஒரு வருஷம் எங்கிட்ட பேசல. "அங்க மூச்சு விடுவதுக்கு சம்பளத்துல பிடிப்பானோ"ன்னு ஒரு பொது நண்பர்ட்ட கேட்டாராம். அங்க நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சு, அதனால எனக்குக் கோவமும் வரல.

கடைசியா ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டுக்குப் போனேன். காது கிட்டத்தட்ட போயிருந்துச்சு, ரேடியோவை மேசைல துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. வெளிய மழை. "தண்ணி எவ்வளவுடே நிக்கு?"ன்னார். போனை எடுத்து தேடிப் பாத்து காதுகிட்ட குனிஞ்சு பேச்சிப்பாறை நாப்பத்திரண்டு அடின்னு சத்தமா சொன்னேன்.

"பைய சொல்லுடே, இன்னும் எந்திரிக்கல"ன்னார்.